தொண்டை ஆபரேஷனுக்குப் பிறகு பேசாம இருக்கணுமா? எத்தனை நாள்? எப்படி?



சமீபத்தில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில் சேமிப்பு, கடன் விவரமெல்லாம் பேசி முடிச்ச பிறகு, இரண்டு ஊர்ப் பிரதிநிதிகள் ஒரே கேள்வியைக் கேட்டாங்க. "எங்க குழுவில ஒரு அக்காவுக்குத் தொண்டைக்குள்ள ஆபரேஷன் பண்ணியிருக்காங்க. டாக்டர் வாயே திறக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாராம். வீட்டில யாரும் நம்ப மாட்டேங்கிறாங்க. நெஜமாவே பேசக் கூடாதா? பேசாம இருந்தா குரல் திரும்பி வருமா?"

கூட்டத்தில் சிலர் சிரிச்சாங்க. "பொம்பளை பத்து நாள் பேசாம இருந்தா வீட்டுக்காரருக்குக் கொண்டாட்டம்தான்" என்று ஒரு கேலி. ஆனால் குரலை வைத்துப் பிழைக்கிறவங்க நம்மிடம் எத்தனை பேர் இருக்காங்க என்று எண்ணிப் பாருங்க. தெருத் தெருவாக் கூவி மீன், கருவாடு, கீரை விற்கிறவங்க, அங்கன்வாடியில் பிள்ளைகளைப் பார்க்கிறவங்க, நடவில் பாட்டுப் பாடுறவங்க, சாவு வீட்டில் ஒப்பாரிக்கு அழைக்கப்படுறவங்க, மைக் இல்லாத கூட்டத்தில் கத்திக் கத்திப் பேசுற நம்ம ஊக்குநர்கள். இவங்களுக்குக் குரல் போனால் வருமானமும் போகும். அதனால் இந்த இதழில் இதைக் கொஞ்சம் விரிவாவே பார்ப்போம்.

குரல் எங்கிருந்து வருது?

கழுத்தின் முன்பக்கம் கையை வைத்து "ம்ம்ம்" என்று சொல்லிப் பாருங்க. உள்ளே அதிரும். அதுதான் குரல்வளை. அதுக்குள்ளே இரண்டு சின்ன மடிப்புகள் இருக்கு. குரல் நாண்கள் என்று சொல்வாங்க. பெண்களுக்கு ஒவ்வொன்றும் நம்ம சுண்டுவிரல் நகத்து நீளம்தான் இருக்கும். மூச்சு விடும்போது இரண்டும் விலகி வழி விடும். பேசும்போது ஒன்றோடொன்று சேர்ந்து, நுரையீரலிலிருந்து வரும் காற்றில் படபடவென்று அடிக்கும். பலூன் வாயை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்தால் கீச்சென்று சத்தம் வருதே, அதே கதைதான்.

பெண்கள் பேசும்போது இந்த நாண்கள் ஒரு விநாடிக்குச் சுமார் 200 தடவை மோதும். ஒரே மூச்சாக இல்லாவிட்டாலும், கூட்டிப் பார்த்து ஒரு நிமிஷம் குரல் எழுப்பினால் 12,000 தடவை. காலையிலிருந்து ராத்திரி வரை எத்தனை லட்சம் தடவை என்று நீங்களே கணக்குப் போட்டுக்கலாம். கணக்கு எழுதுறதில் நம்ம குழுக்காரங்க கெட்டிக்காரங்கதானே.

எல்லாத்துக்கும் ஆபரேஷன் தேவையில்லை

மண்வெட்டி பிடிச்சுப் பிடிச்சு உள்ளங்கை காய்ச்சுப் போகிற மாதிரி, கத்திக் கத்திக் குரல் நாண்களிலும் காய்ப்பு விழும். முடிச்சு என்று சொல்றது இதைத்தான். பெரும்பாலும் இது பேச்சுப் பயிற்சியாலும், கத்துறதைக் குறைப்பதாலும் சரியாகிவிடும். கத்தி வைக்கத் தேவைப்படாது. ஆனால் சிலருக்குச் சின்னதாச் சதை தொங்கும், சிலருக்கு நீர்க்கட்டி வரும். சந்தேகப்படும்படி வெள்ளைத் திட்டோ புண்ணோ தெரிந்தால் புற்றுநோயா என்று பார்க்க ஒரு துண்டு எடுத்துப் பரிசோதிக்கணும். இதுக்கெல்லாம்தான் ஆபரேஷன். வெளியே கழுத்தில் கீறல் இருக்காது. மயக்க மருந்து கொடுத்து, வாய் வழியாவே குழாயை விட்டு, பெரிதாக்கிக் காட்டும் கருவி மூலமாப் பார்த்துச் செய்வாங்க.

வெளியே தையல் இல்லை, கட்டு இல்லை. வீட்டில் நம்பாததற்கு இதுவே பெரிய காரணம். வயிற்று ஆபரேஷன் செய்தவங்களைப் படுக்க வைத்துப் பத்தியச் சாப்பாடு போடுவாங்க. தொண்டையில் செய்தவங்க மறுநாளே நடமாடுறதால், "இவளுக்கு என்ன வந்துச்சு" என்று நினைக்கிறாங்க.

ஏன் பேசக் கூடாது?

குரல் நாணின் மேல் தோல் ரொம்ப மெல்லிசு. அதுக்கு அடியில் கூழ் மாதிரி ஒரு அடுக்கு இருக்கு. அந்தக் கூழின் மேல் தோல் அலைபோல வழுக்கி ஆடினால்தான் குரல் தெளிவா வரும். ஆபரேஷனில் அந்தத் தோலில் புண் ஆகுது. புண் ஆறுவதற்குள் விநாடிக்கு 200 தடவை அதை மோத விட்டால் என்ன ஆகும்? தழும்பு விழும். தழும்பு விழுந்த இடம் கட்டியாகி ஆடாது. பிறகு குரல் காலத்துக்கும் கரகரப்புத்தான். அந்தத் தழும்பை எடுப்பது முதல் ஆபரேஷனைவிடக் கஷ்டமான வேலை.

புதுசாச் சிமெண்ட் தரை போட்டால் ஆடு மாடு, பிள்ளைகள் யாரும் மிதிக்காமல் கயிறு கட்டி வைப்போம் இல்லையா? அந்தப் பாதுகாப்பைத்தான் டாக்டர் கேட்கிறார்.

எத்தனை நாள் என்பதில் எல்லா டாக்டரும் ஒரே கணக்குச் சொல்றதில்லை. 3 நாள் என்பாங்க, 5 நாள் என்பாங்க, ஒரு வாரம் என்பாங்க. என்ன ஆபரேஷன், எவ்வளவு ஆழம் என்பதைப் பொறுத்தது. அதுக்கு மேல் மாசக்கணக்கில் ஊமையா இருந்தால் இன்னும் நல்லது என்று நினைக்க வேண்டாம். ஜப்பானில் நடந்து 2017-இல் வெளியான ஒரு ஆய்வில், 3 நாள் மௌனமா இருந்து பிறகு பயிற்சியோடு பேசத் தொடங்கினவங்களுக்கு, 7 நாள் மௌனமா இருந்தவங்களைவிடக் குரல் நல்லாத் தேறியது. உடைந்த கைக்குக் கட்டுப் போட்டு, நாளாகியும் பிரிக்காமல் விட்டால் கை மடங்காது. அதைப் போலத்தான் இதுவும். உங்க டாக்டர் சொன்ன நாளைத் துண்டுச் சீட்டில் எழுதி வாங்கிக்கங்க. அந்த நாள் வரை முழு மௌனம். அதன் பிறகு அவர் சொல்றபடி பேச்சு.

குசுகுசுன்னு பேசலாமா?

கூடாது. எல்லாரும் தப்புப் பண்ணுற இடம் இதுதான். சத்தம் வரவில்லையே, அதனால் பரவாயில்லை என்று காதில் குசுகுசுக்கிறாங்க. அடுத்தவங்களுக்குக் கேட்கும்படி அழுத்திக் குசுகுசுக்கும்போது தொண்டைத் தசை இறுகிப் போகுது. சிலருக்குச் சாதாரணமாப் பேசுவதைவிட இது கூடுதல் சிரமம் கொடுக்கும்.

பேச்சு மட்டும் இல்லை. முணுமுணுத்துத் தாலாட்டுப் பாடினால் அதுவும் குரல்தான். "ம்" கொட்டினாலும் குரல்தான். கோழியை "பா பா"ன்னு கூப்பிடுறது, மாட்டை ஓட்டுறது, சாமி பாட்டு, விழுந்து விழுந்து சிரிக்கிறது எல்லாமே கணக்கில் சேரும். தொண்டையைச் செருமுவது ரொம்ப மோசம். இரண்டு நாணும் படார் என்று மோதும். செருமல் வந்தால் ஒரு மடக்குத் தண்ணீர் குடிங்க. அல்லது எச்சிலை அழுத்தி விழுங்குங்க. இருமல் நிற்கவில்லை என்றால் டாக்டரிடம் மருந்து கேளுங்க. இருமல், தும்மல் வந்தால் அடக்க முடியாது. அதுக்காகப் பயந்து போகவும் வேண்டாம்.

ஆபரேஷனுக்கு முன்னாடியே பேசி வைக்க வேண்டியது

எழுதப் படிக்கத் தெரிந்தவங்களுக்கு ஒரு நோட்டும் பேனாவும் போதும். போனில் எழுதி அனுப்பலாம். கையெழுத்து மட்டும் போடத் தெரிந்த நம்ம அக்காமார் என்ன செய்வாங்க? இதை எந்த ஆஸ்பத்திரிச் சீட்டிலும் பார்க்க முடியாது. அனுபவத்தில் பார்த்ததைச் சொல்றோம்.

முதல் நாளே வீட்டாரோடு உட்கார்ந்து பத்துச் சைகை முடிவு பண்ணிக்கங்க. சாப்பாடு, தண்ணீர், வலி, வெளிக்குப் போகணும், பிள்ளையைப் பார், காசு, மாடு, டாக்டர், சரி, வேண்டாம். இவ்வளவு இருந்தாலே பாதிப் பேச்சு முடிஞ்சுது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளையிடம் சொன்னால் அட்டையில் படமாவே வரைஞ்சு தருவாங்க. அவங்களுக்கு அது விளையாட்டு. போனில் ஒரு மிஸ்டு கால் வந்தால் "வீட்டுக்கு வா", இரண்டு வந்தால் "அவசரம்" என்று ஒரு குழுவில் வைத்திருந்தாங்க. நல்லா உதவியது. யாரையாவது கூப்பிடக் கை தட்டலாம், தட்டில் கரண்டியால் தட்டலாம், மாட்டு மணியைப் பக்கத்தில் வைத்துக்கலாம்.

ராத்திரியில் தனியா இருக்க விடாதீங்க. சத்தம் போட முடியாதவங்களுக்குத் துணை வேணும். ஆனால் ஒன்று: பாம்போ, தீயோ, தப்பான ஆளோ, எந்த ஆபத்து வந்தாலும் தயங்காமக் கத்திடுங்க. தொண்டையைப் பிறகு பார்த்துக்கலாம்.

ஒரு சாவு வீடு

நாங்கள் வேலை செய்யும் ஊர் ஒன்றில் நடந்தது. பெயர் வேண்டாம். அந்த அக்கா தெருவில் கருவாடு விற்கிறவங்க. நாலு மாசமாக் குரல் கம்மிப்போய், கடைசியில் நாணில் சதை வளர்ந்திருக்கு என்று ஆபரேஷன் செய்தாங்க. டாக்டர் ஒரு வாரம் மௌனம் சொல்லியிருந்தார். நாலாம் நாள் அவங்களை வளர்த்த பெரியம்மா இறந்துட்டாங்க.

சாவு வீட்டில் பெண்கள் கட்டிப் பிடித்து அழுவாங்க, ஒப்பாரி வைப்பாங்க. வளர்த்த மகள் வாய் திறக்காமல் உட்கார்ந்தால் ஊர் என்ன சொல்லும்? சொல்லத்தான் செய்தாங்க. "வளர்த்ததுக்கு ஒரு சொட்டுச் சத்தம் வருதா பாரு." அந்த அக்கா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு கண்ணீர் மட்டும் விட்டாங்க. தேம்பினாலும் நாண் அடிபடும் என்று அவங்களுக்குத் தெரியும். அந்த நேரத்தில் குழுப் பெண்கள் நாலு பேர் போய் அவங்களைச் சுற்றி உட்கார்ந்தாங்க. கேட்டவங்களுக்கெல்லாம் அவங்கதான் பதில் சொன்னாங்க. மூத்த உறுப்பினர் ஒருத்தர், "இவ அழுகைய நான் அழுவுறேன்" என்று சொல்லி, அவங்க பேர் வைத்தே ஒப்பாரி சொன்னாங்க. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. எந்தப் பயிற்சி முகாமிலும் நாங்கள் இதை நடத்தியதும் இல்லை.

அவங்க குரல் இப்போ நல்லா இருக்கு. முன்போல உச்சத்தில் கூவ வருதில்லை. கூவுவதற்குப் பதிலாச் சைக்கிள் மணி அடித்து வியாபாரம் பண்ணுறாங்க.

குடம் தூக்கலாமா?

தண்ணீர்க் குடம், விறகுக் கட்டு, நெல் மூட்டை இதையெல்லாம் தூக்கும்போது மூச்சைப் பிடித்து முக்குவோம். அந்த நேரத்தில் குரல் நாண்கள் இரண்டும் இறுகி மூடிக்கும். அதனால் முதல் ஒன்றிரண்டு வாரத்துக்குக் கனமான வேலை வேண்டாம். டாக்டர் சொன்ன பிறகு தூக்கலாம். மலச்சிக்கலில் முக்கினாலும் இதேதான் நடக்கும். கீரை, வாழைப்பழம், கொய்யா, நிறையத் தண்ணீர் என்று பார்த்துக்கங்க. பேசாமல் இருக்கிறதைவிட, தண்ணீர் தூக்காமல் இருக்க வைப்பதுதான் நம்ம வீடுகளில் கஷ்டம். கணவரும் மகனும் பத்து நாள் குடம் எடுத்தால் ஒன்றும் குறைந்து போகாது.

அடுப்புப் புகை ஆகவே ஆகாது. விறகடுப்பு என்றால் அந்தச் சில நாள் வேறு யாராவது சமைக்கட்டும். நெல் தூற்றும் களம், மிளகாய் வறுக்கும் இடம் பக்கம் போகாதீங்க. புகையிலை போடுறவங்க இதோடு விட்டுடுங்க. வெற்றிலையோடு போடுகிறோம், சும்மா ஒதுக்கி வைக்கிறோம் என்று சமாதானம் சொல்ல வேண்டாம். வீட்டில் பீடி குடிக்கிறவங்க வெளியே போய்க் குடிக்கட்டும். அவங்களும் விட்டால் இன்னும் நல்லது.

அதிமதுரம், மிளகு, கற்கண்டு, தேன் என்று ஆளாளுக்குச் சொல்வாங்க. ஒன்றைப் புரிஞ்சுக்கங்க. நாம் விழுங்கும் எதுவும் குரல் நாணில் படாது. அது உணவுக் குழாய் வழியாப் போகுது. தவறி அந்தப் பக்கம் போனால்தான் புரையேறுது. அதனால் எந்த மருந்தை விழுங்கினாலும் நாணில் நேராப் போய் ஒட்டாது. இளஞ்சூட்டில் வெந்நீர் தொண்டைக்கு இதமா இருக்கும், குடிக்கலாம். அடிக்கடி தண்ணீர் குடித்தால் உடம்பு முழுக்க ஈரம் இருக்கும், நாணும் காயாது. ஆவி மட்டும் மூச்சோடு போவதால் அங்கே போய்ச் சேரும். டாக்டர் சரி என்றால் வெறும் தண்ணீர் ஆவி பிடிங்க. தைலம், மாத்திரை எதுவும் போட வேண்டாம், எரிச்சல் கொடுக்கும். வாய் கொப்பளிக்கலாம், ஆனால் தொண்டையில் நிறுத்திக் "களகள" என்று சத்தம் எழுப்ப வேண்டாம்.

ராத்திரி வயிறு முட்டச் சாப்பிட்டு உடனே படுத்தால் வயிற்றுப் புளிப்பு மேலே ஏறிவந்து நாணை எரிக்கும். படுப்பதற்கு இரண்டு மூணு மணி நேரம் முன்னாடியே சாப்பிட்டுடுங்க. காரம், எண்ணெய்ப் பலகாரம், கடுங்காப்பி குறைச்சுக்கங்க.

திரும்பப் பேச ஆரம்பிக்கும்போது

மௌன நாள் முடிஞ்சதும் சேர்த்து வைத்ததை எல்லாம் கொட்டிடாதீங்க. முதல் நாள் மொத்தமே ஐந்து பத்து நிமிஷம் போதும் என்று பல இடங்களில் சொல்றாங்க. அதுவும் ஒரே தடவையா இல்லாமல், கொஞ்சம் கொஞ்சமா. பிறகு நாளுக்கு நாள் கூட்டலாம். பக்கத்தில் இருக்கிறவங்களோடு, சாதாரணக் குரலில், நிதானமா. அடுத்த வீட்டுக்குக் கத்துறது, பஸ் சத்தத்துக்கு மேலே பேசுறது, மாவு மில்லில் பேசுறது எல்லாம் வேண்டாம்.

முதலில் வருகிற குரலைக் கேட்டுப் பயந்துடாதீங்க. கரகரப்பா, காற்றுப் போகிற மாதிரி, சிலருக்கு வேற யாரோ பேசுற மாதிரி இருக்கும். வீக்கம் வடிய வடியத் தெளியும். சாதாரணப் பேச்சு சீராக நாலிலிருந்து ஆறு வாரம் ஆகலாம். கூவி விற்கவும், பாடவும் இரண்டு மூணு மாசம்கூட ஆகும்.

பேச்சுப் பயிற்சி கொடுப்பவர் மருத்துவமனையில் இருந்தால் கட்டாயம் போங்க. பெரிய அரசு மருத்துவமனைகளில் காது மூக்கு தொண்டைப் பிரிவில் கேட்டால் சொல்வாங்க. அவங்க கற்றுத் தருவதில் ஒன்று எளிமையானது. ஒரு டம்ளரில் பாதித் தண்ணீர், அதில் குளிர்பானம் குடிக்கும் ஸ்ட்ரா. ஸ்ட்ராவில் மெதுவா "ஊ" என்று சத்தத்தோடு ஊதினால் தண்ணீரில் குமிழி வரும். இப்படிச் செய்யும்போது நாண்கள் ஒன்றையொன்று அடிக்காமல் மெதுவா அதிரப் பழகும். பிள்ளைகள் சிரிப்பாங்க, சிரிக்கட்டும். எப்போ ஆரம்பிக்கணும், ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்பதை அவங்க சொன்ன பிறகு செய்யுங்க. மௌன நாளில் செய்யக் கூடாது.

முழுசாத் திரும்பிடுமா? பெரும்பாலோருக்கு நல்லாவே தேறுது. உலகப் புகழ் பெற்ற இங்கிலாந்துப் பாடகி அடேலுக்கு 2011 நவம்பரில் குரல் நாணில் ஆபரேஷன் நடந்தது. மௌனமா இருந்து, 2012 பிப்ரவரியில் கிராமி விருது மேடையில் திரும்பப் பாடினார். அன்று ஒரே இரவில் 6 விருது வாங்கினார். ஆனால் சவுண்ட் ஆஃப் மியூசிக் படத்தில் பாடி நடித்த ஜூலி ஆண்ட்ரூஸுக்கு 1997-இல் செய்த ஆபரேஷனுக்குப் பிறகு பழைய பாட்டுக் குரல் திரும்பவில்லை. அதன் பிறகும் நடித்தார், குழந்தைகளுக்குப் புத்தகம் எழுதினார். இரண்டு மாதிரியும் நடக்கும் என்பதால், ஒப்புதல் கையெழுத்துப் போடும் முன்பே டாக்டரிடம் கேளுங்க: ஆபரேஷன் இல்லாமல் பயிற்சியில் சரியாகுமா? என் குரல் எவ்வளவு திரும்பும்? நான் கூவி விற்கிறவ, எப்போ திரும்ப வேலைக்குப் போகலாம்? கேட்க நமக்கு உரிமை இருக்கு.

குழு என்ன செய்யலாம்?

பேச முடியாத நாளில் கூலியும் இல்லை, வியாபாரமும் இல்லை. உள்கடன் கொடுப்பதோடு, அந்த மாதத் தவணையைத் தள்ளி வைப்பதைக் கூட்டத்தில் பேசித் தீர்மானமா எழுதுங்க. அவர் ஊக்குநர் என்றால் இரண்டு மாசத்துக்கு இன்னொருத்தர் கூட்டம் நடத்தட்டும். கையெழுத்துக்கு மட்டும் வந்து உட்கார்ந்தால் போதும். மருத்துவமனையிலேயே இருக்கிற காப்பீட்டுத் திட்ட கவுண்டரில், முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையைக் காட்டி, இந்த ஆபரேஷன் அதில் சேருமா என்று சேர்க்கைக்கு முன்பே விசாரிங்க. கூட்டமைப்பு நிதியில் தோளில் மாட்டும் சின்ன மைக் ஒன்று வாங்கி வைக்கலாம் என்பது எங்கள் யோசனை. நாற்காலி வாங்கத் தீர்மானம் போடும்போது இதையும் நினைச்சுப் பாருங்க.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நேரம்

ஆபரேஷன் ஆன சில நாள் தொண்டை வலிக்கும். குழாய் அழுத்தியதால் நாக்கு மரத்துப் போகலாம், ருசி மாறலாம், தாடை நோகலாம். இது தானாச் சரியாகும். பல் ஆடினால் சொல்லிடுங்க. ஆனால் மூச்சுத் திணறினாலோ, மூச்சு இழுக்கும்போது சத்தம் வந்தாலோ, சிவப்பு ரத்தம் துப்பினாலோ, காய்ச்சல் அடித்தாலோ, தண்ணீரே விழுங்க முடியாவிட்டாலோ காத்திருக்கக் கூடாது. 108-ஐக் கூப்பிடுங்க.

ஆபரேஷன் செய்யாத மற்றவங்களுக்கும் ஒரு விஷயம். சளி, காய்ச்சல் இல்லாமலே குரல் கம்மி மூணு வாரத்துக்கு மேல் ஆகியும் தெளியவில்லை என்றால் காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்க. புகையிலைப் பழக்கம் உள்ளவங்க இதைத் தள்ளிப் போடவே கூடாது.

ஆபரேஷனில் எடுத்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தால், அந்த ரிப்போர்ட் வர ஒன்றிரண்டு வாரம் ஆகும். குரல் வந்துவிட்டது என்று பலர் அதை வாங்கவே போறதில்லை. என்றைக்கு வரணும் என்று சீட்டில் எழுதியிருக்கும். அன்றைக்கு ஒரு குழு உறுப்பினரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போய் ரிப்போர்ட்டைக் கையில் வாங்கி, டாக்டரிடம் காட்டி, என்ன எழுதியிருக்கு என்று கேட்டு வாங்க.